வெறுங்கை கற்கும் பாடம்

ஈஜிபுராவுக்கு ஆட்டைத் தெரியும், கிலோ கணக்கில். அதன் ரோமத்தைக் காயமில்லாமல் எடுக்கும் தொழிலைக் காண அங்கிருந்து வடக்கே ஒரு பயணம், தெற்கே ஒரு பயணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈஜிபுராவின் ஆட்டிறைச்சிக் கடைகள் முன் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கிலும் பேரம் நடக்கிறது. செம்மறியா வெள்ளாடா, தொடையா நெஞ்செலும்பா, பன்னூர்க் குட்டியா வேறு ஊர் ஆடா என்று கேள்விகள். கேட்பவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆடு எப்படி நடக்கும், எதைத் தின்னும், அதன் மேலிருந்த ரோமம் எங்கே போயிற்று என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நகரத்தில் யாருக்கும் வருவதில்லை.

பெங்களூருவின் தென்கிழக்கில் கோரமங்களா, விவேக் நகர், தொம்மலூர் ஆகியவற்றுக்கு நடுவே நெருக்கியடித்துக் கிடக்கிறது ஈஜிபுரா. ஒரு காலத்தில் கிராமம். நகரம் வந்து சூழ்ந்துகொண்ட பிறகு சந்துகள் மட்டும் கிராமத்து அகலத்திலேயே நின்றுவிட்டன. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வீரர் குடியிருப்பு ஒரு பக்கம். ஏழைகளுக்கென்று கட்டி, இடிந்து, 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றிய வீட்டுத் தொகுதியின் நினைவு இன்னொரு பக்கம். 2017-இல் தொடங்கிய மேம்பாலமோ ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாக நின்று ஊருக்கே வேடிக்கைப் பொருளானது. வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு தாராளமாகக் கேட்கும். நல்ல மேய்ப்பனைப் பற்றிய பிரசங்கம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அவர்களில் ஒரு செம்மறியை மடியில் சாய்த்துப் பிடித்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

செம்மறியின் ரோமம் கத்தரிப்பது தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாகப் பழகாத தொழில். காரணம் எளிது. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், சென்னைச் சிவப்பு என்று தமிழ்நாட்டின் பெரும்பாலான செம்மறிகளுக்குக் குட்டை மயிர்தான், கத்தரிக்க ஒன்றுமில்லை. கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சி கருங்குரும்பை போன்ற சில இனங்களுக்குத்தான் கம்பளி நெய்ய உதவும் முரட்டு ரோமம் உண்டு. கர்நாடகத்தின் கதை வேறு. தார்வாடிலிருந்து பெல்லாரி, சித்ரதுர்கா வரை விரிந்த வறண்ட மேட்டு நிலத்தில் தக்காணி, பெல்லாரி இன ஆடுகள் கறுப்பும் பழுப்புமாக ரோமம் போர்த்தி நடக்கின்றன. அந்த ரோமத்தை யாராவது எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது ஆட்டுக்கு ரத்தம் வரக்கூடாது. இவ்வளவுதான் தொழில். ஆனால் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும்.

ஆடுகோடிக்கு வந்த மாணவர்

கால்நடையைக் கையாளப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஈஜிபுராவுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மேற்கே, கோரமங்களாவைத் தாண்டினால் ஆடுகோடி. அங்கே ஓசூர் ரோட்டை ஒட்டி மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையம் இருக்கிறது. 1923-இல் வெள்ளைக்காரர்கள் கால்நடைப் பராமரிப்புக்கும் பால் தொழிலுக்குமாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1927-இல், உடல்நலம் தேறுவதற்காக பெங்களூருவில் தங்கியிருந்த காந்தி, ஜூன் மாதத்தில் இங்கே வந்து மாடு வளர்ப்பு பற்றிப் பாடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது 57. பசுவைப் பாதுகாப்பது பற்றி நாடு முழுக்கப் பேசியவர், பசுவைப் பராமரிக்க முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாணவராக வந்து உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டில் தன்னை சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்று குறித்தார்.

இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, கைக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இதன் சாரம். ரோமம் கத்தரிப்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆட்டின் மேல் அளவில்லாத பிரியம் உள்ளவர், பழகாத கையால் கத்தரி பிடித்தால் ஆட்டின் தோலைக் கிழித்துவிடுவார்.

ஆனால் ஆடுகோடியில் பாடம் மாட்டைப் பற்றியது. கத்தரிப்பைப் பார்க்க ஈஜிபுராவிலிருந்து இரண்டு திசைகள் உண்டு. வடக்கே போனால் குருபர்களின் கைக்கத்தரி. தெற்கே, மடிவாளாவில் தமிழ்நாட்டு பஸ் பிடித்துப் போனால் கொடைக்கானல் மலையில் மெரினோ.

வடக்கே: கறுப்புக் கம்பளியின் நாடு

பெங்களூருவிலிருந்து தும்கூரு வழியாகப் புணே நெடுஞ்சாலையில் போய், ஹிரியூரில் வலப்பக்கம் திரும்பினால் சள்ளகெரெ. சித்ரதுர்கா மாவட்டத்தின் வறண்ட மூலை. வேலமரங்களும் கடலைக் காடுகளும் அடிவானம் வரை திறந்த புல்வெளியும்தான் காட்சி. குருபர் சமூகத்தினர் நெய்யும் கம்பளிகளால் பெயர் பெற்ற ஊர் இது. கர்நாடகத்தில் குருபர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் மேய்ப்பர் சமூகம். பக்திக் கவிஞர் கனகதாசர் இவர்களில் ஒருவர். 2013-இல் முதல் முறையாக முதலமைச்சரான சித்தராமையாவும் இந்தச் சமூகத்தவர்தான். அரசியல் மேடைகளில் தலைவர்களுக்குக் கறுப்புக் கம்பளி போர்த்துவது இங்கே பெரிய மரியாதை.

இங்கே ரோமம் கத்தரிப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை. முதலில் குளிப்பாட்டல். மந்தையை ஏரியிலோ ஓடையிலோ இறக்கி, ஒவ்வொரு ஆடாகத் தேய்த்துக் கழுவி, கரையேற்றி வெயிலில் உலர விடுகிறார்கள். ரோமம் நன்றாகக் காய்ந்த பிறகே கத்தரி தொடும். ஈர ரோமத்தில் கத்தரி வழுக்கும். வெட்டிய ரோமமும் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு ஒரு மர நிழலில் ஆட்டைச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டு இரும்பு அலகுகள் கொண்ட பெரிய கத்தரியால் வேலை தொடங்கும். கத்தரிப்பது ஆண்கள். வெட்டிய உண்ணெயை, அதாவது ரோமத்தை, சிக்கெடுத்து நூற்பது பெண்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி தடவி விறைப்பேற்றி, குழித்தறியில் கம்பளியாக நெய்கிறார்கள். மழை பெய்தால் தலையில் மடித்துப் போட்டுக்கொள்ள, இரவில் வயலில் விரித்துப் படுக்க, குட்டி போட்ட ஆட்டை மூட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கம்பளிதான்.

கைக்கத்தரி பழமையானது, ஆகவே கொடுமையானது என்று நினைத்துவிட வேண்டாம். கைக்கத்தரி இயந்திரத்தைப் போலத் தோலை ஒட்டச் சிரைப்பதில்லை. ஒரு மெல்லிய படலத்தை ஆட்டின் மேல் விட்டுவைக்கிறது. நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள குளிர்ந்த மலைப் பண்ணைகளில் இன்றும் சிலர் மெரினோ ஆடுகளைக் கைக்கத்தரியால்தான் கத்தரிக்கிறார்கள். காரணம் அந்தப் படலம்தான். கத்தரித்த மறுநாள் பனி விழுந்தால் அது ஆட்டின் உயிரைக் காக்கிறது.

கைக்கத்தரியில் ஆபத்து வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கட்டிய கயிறு. சொரசொரப்பான கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெயிலில் நெடுநேரம் கிடத்தினால் ஆடு மூச்சு முட்டித் தவிக்கும். அசைபோடும் பிராணிக்கு வயிற்றில் காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருக்களித்துக் கிடக்கையில் அது வெளியேறாமல் வயிறு உப்பும். கட்டத்தான் வேண்டுமென்றால் மென்மையான கயிறு, நிழல், குறைந்த நேரம். இரண்டாவது ஆபத்து, மழுங்கிய அலகு. மழுங்கிய கத்தரி வெட்டாது, இழுக்கும். இழுத்தால் தோல் மேலே எழும்பி அலகுக்குள் வந்துவிடும். பழகிய கத்தரிப்பவர் சில ஆடுகளுக்கு ஒருமுறை நிறுத்தி அலகைக் கல்லில் தீட்டுவது சோம்பலுக்காக அல்ல.

கத்தரி இல்லாத கை

முறையாகக் கற்றுத்தரும் இடங்களில் புதியவரின் கையில் முதலில் கத்தரியைக் கொடுப்பதில்லை. ஆட்டைப் பிடிக்கக் கற்பதுதான் முதல் பாடம். ரோமத்தைப் பற்றி இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஆட்டுக்கு அது நம் தலைமுடியைப் பிடித்துத் தூக்குவதைப் போன்றது. தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும், வெளியே தெரியாது. ஒரு கை தாடைக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைப் பக்கம். தலையை மெல்ல விலாப் பக்கம் திருப்பிக்கொண்டே ஓரடி பின்வாங்கினால், ஆடு தானாகப் பின்புறத்தில் உட்கார்ந்துவிடும். முதுகு கத்தரிப்பவரின் முழங்கால்களில் சாய்ந்திருக்கும். கால் தரையில் ஊன்றாத செம்மறி, போராட்டத்தை விட்டுவிடும். கயிறே தேவையில்லை. உலகம் முழுக்க இயந்திரக் கத்தரிப்பில் பின்பற்றப்படும் முறை இதுதான்.

ஆட்டை வேலைக்கு முன்பே தயார் செய்ய வேண்டும். முந்தின நாளிலிருந்து தீனியை நிறுத்தி வைப்பது வழக்கம். வயிறு நிறைந்த ஆட்டை உட்கார வைத்தால் இரைப்பை நுரையீரலை அழுத்தும். மூச்சுக்குத் தவித்து உதைக்கும். உதைக்கும் நேரத்தில்தான் வெட்டு விழும். ஆனால் பட்டினி அளவோடு இருக்க வேண்டும். நீட்டினால் அதுவே துன்பம். நிறைசினை ஆடுகளை அநாவசியமாகப் புரட்டக் கூடாது. தோலில் கட்டியோ புண்ணோ உள்ளவற்றைக் கடைசியில் எடுத்து, பிறகு கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆட்டின் நோயைக் கத்தரியே மந்தை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அதன் பிறகு கத்தரி. முதலில் வயிறு. பெண் ஆடானால் மடிக்காம்புகளை ஒரு கையால் மூடிக்கொள்ள வேண்டும்; கடாவானால் குறியின் உறையை. அடுத்து தொடையின் உள்பக்கம், வால், இடப்பக்கம், கழுத்து. பிறகு முதுகெலும்பை ஒட்டிப் பின்புறத்திலிருந்து தலை வரை நீண்ட இழுப்புகள். கடைசியில் வலப்பக்கம். நல்ல கையில் ரோமம் துண்டு துண்டாக விழாமல், கழற்றிப் போட்ட சட்டை போல ஒரே விரிப்பாக வரும்.

இதில் பார்ப்பவர் கண் கத்தரியிலேயே இருக்கும். கற்பவர் கவனிக்க வேண்டியது மற்றக் கையை. கத்தரி பிடிக்காத அந்த வெறுங்கைதான் தோலை இழுத்துச் சமமாக்குகிறது; அலகு எங்கே போக வேண்டுமோ அதற்கு முன்னே போய் மடிப்பைத் தட்டையாக்குகிறது; காம்பை மறைக்கிறது; காதை ஒதுக்குகிறது. கம்புக்கூட்டிலும், விலாவும் தொடையும் சேரும் மடிப்பிலும் தோல் காகிதம் போல மெல்லியது. பின்னங்காலின் குதிநரம்பு அறுந்தால் ஆடு பிறகு நடக்காது. இந்த இடங்களின் வரைபடம் முழுக்கக் கற்பவரின் வெறுங்கைக்குள் ஏற வேண்டும். வெட்டு விழுந்தால் கத்தரியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறியது மற்றக் கையாகத்தான் இருக்கும்.

இன்னொரு பாடம், விட்டுவிடுவது. ஒரு இழுப்பில் கொஞ்சம் ரோமம் விடுபட்டால் அதைத் திரும்பப் போய் வெட்டக் கூடாது. அப்படி வெட்டிய துணுக்குகள் நூலுக்கு உதவாது. தோலுக்கு மட்டும் இரண்டாவது ஆபத்து. ஆடு துள்ளினால் அதோடு மல்லுக்கு நிற்காமல், கருவியை விலக்கி, பிடியைச் சரிசெய்து மறுபடி தொடங்க வேண்டும். இயந்திரமானால் சீப்பு சூடேறுகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்து எண்ணெய் விட வேண்டும். சூடான சீப்பு வெட்டாமலே தோலைச் சுட்டுவிடும்.

அப்படியும் சிறு கீறல் விழத்தான் செய்யும். மறைக்காமல் அப்போதே மருந்திடுவதுதான் ஒழுங்கு. மேய்ப்பர்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுகிறார்கள்; பண்ணைகளில் அயோடின். ஈ மொய்த்துப் புழு வைத்தால் சிறு கீறலே ஆட்டைக் கொல்லும். பெரிய கிழிசலுக்குத் தையல், ரண ஜன்னி தடுப்பு, கால்நடை மருத்துவர்.

கத்தரிப்பவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. நாள் முழுக்கக் குனிந்து நிற்பதால் முதலில் கெடுவது முதுகு. இடுப்பிலிருந்து குனிந்து, ஆட்டின் எடையைக் கையில் தாங்காமல் கால்களில் தாங்கப் பழக வேண்டும். வழுக்காத தரை, மின்சார இயந்திரமானால் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் விசை, அவருக்கும் ரண ஜன்னித் தடுப்பூசி. களைத்த கையால் கத்தரிக்கப்படும் கடைசி ஆடுதான் அன்றைக்கு அதிகம் காயப்படும் ஆடு.

தெற்கே: மலைமேல் மெரினோ

ஈஜிபுராவின் தமிழர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக நிற்கும் இடம் மடிவாளா. இரவு பஸ் ஏறினால் ஓசூர், சேலம், திண்டுக்கல் வழியாகக் காலையில் மலையடிவாரம். கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விளையும் பூம்பாறையைத் தாண்டி, டவுனிலிருந்து சுமார் 35 கிலோ மீட்டரில் மன்னவனூர். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். பச்சைப் பாய் விரித்த சரிவுகள், கீழே ஒரு ஏரி, சரிவில் வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள். சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஆடுகள் அங்கே அழகுக்காக இல்லை.

ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962-இல் தொடங்கப்பட்ட மத்திய செம்மறி ஆடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இது. ‘அவி’ என்றால் சம்ஸ்கிருதத்தில் செம்மறி. ராம்பூயே, சோவியத் மெரினோ கடாக்களை இந்திய இனங்களோடு கலந்து உருவாக்கிய ‘பாரத் மெரினோ’ இங்கே வளர்கிறது. பாலைவன வெயில் ஒத்துவராத மெல்லிய ரோம ஆட்டுக்கு மலைக் குளிர் ஒத்துவருகிறது. இதன் ரோமம் சுமார் 20 மைக்ரான் தடிமன். தக்காணி ஆட்டின் ரோமம் அதைப்போல இரண்டு மடங்கு தடித்தது. தக்காணி ஆண்டு முழுக்கத் தருவது ஒரு கிலோவுக்கும் குறைவு. பாரத் மெரினோ இரண்டு கிலோவைத் தாண்டும். நீலகிரியில் ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காப்பாற்றிவரும் நீலகிரி இனமும் இந்த வகைதான். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கடாக்களைக் கலந்ததில் பிறந்த இனம் அது.

மலையில் பாடத்தின் ஓர் அத்தியாயம் கூடுகிறது. சமவெளியில் கத்தரித்த ஆட்டுக்கு எதிரி வெயில். மலையில் எதிரி மழைக் காற்று. போர்வையைக் கழற்றிய உடம்பு, முதல் சில நாட்களுக்குச் சூட்டைத் தக்கவைக்கத் திணறும். ஆகவே கத்தரிக்கும் நாளை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கத்தரித்த கையோடு தீனி, தண்ணீர், ஒதுங்கக் கூரை. குட்டிகளைத் தாயோடு மறுபடி சேர்த்துப் பார்க்கவும் வேண்டும். ரோமம் போன தாயின் உருவம் மாறிவிடுவதால், சற்று நேரம் குட்டி தடுமாறும்.

கத்தரிக்காமலே விட்டால் என்ன என்று நகரத்து இரக்கம் கேட்கலாம். 2015-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அருகே, மந்தையை விட்டுப் பல ஆண்டுகள் அலைந்த ஒரு மெரினோ கடாவைக் கண்டுபிடித்தார்கள். நடக்கவே முடியாத நிலை. மயக்க மருந்து கொடுத்துக் கத்தரித்ததில் 41 கிலோ ரோமம் இறங்கியது. காட்டு ஆடு தானாக ரோமம் உதிர்க்கும். மனிதன் ரோமத்துக்காகவே வளர்த்தெடுத்த இனத்துக்கு அந்த வழியை அவனே அடைத்துவிட்டான். அதற்குக் கத்தரி கொடுமையல்ல, கடன்.

வேகத்தின் விலை

கத்தரிப்பு உலகத்தில் வேகம்தான் புகழ். 1892-இல் ஆஸ்திரேலியாவில் ஜாக்கி ஹவ் கைக்கத்தரியால் ஏழு மணி நாற்பது நிமிடத்தில் 321 ஆடுகளைக் கத்தரித்தார். 1953-இல் நியூசிலாந்தின் காட்ஃப்ரி போவன் இயந்திரத்தால் ஒன்பது மணி நேரத்தில் 456. போவன் ஓடிக் களைத்தவர் அல்ல. ஆட்டின் உடல் வளைவுக்கு ஏற்ப இழுப்புகளை ஒழுங்குபடுத்தி, தேவையற்ற அசைவுகளைக் குறைத்து, அதையே மற்றவர்களுக்கும் கற்பித்தவர். அவரிடம் வேகம் முறையின் விளைவாக வந்தது.

முறை வராமல் வேகத்தை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2014-இல் பீட்டா அமைப்பு வெளியிட்ட ஆஸ்திரேலிய வீடியோக் காட்சிகளில் கத்தரிப்புக் கொட்டகைகளில் ஆடுகள் அடிபடுவதையும் மிதிபடுவதையும் உலகம் பார்த்தது. அங்கே கத்தரிப்பவருக்குக் கூலி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று. நேரம் எடுத்துக்கொண்டு தையல் போடுபவர் பணம் இழக்கிறார். கற்றுக்கொண்டிருப்பவர் நிலை இன்னும் மோசம். மெதுவாகச் செய்ய வேண்டிய காலத்திலேயே அவர் வயிறு அவரை அவசரப்படுத்துகிறது.

தக்காணத்தில் பிரச்சினை வேறு வேடத்தில் வருகிறது. இங்கே ரோமத்துக்கே விலை இல்லை. பெங்களூருவில் 1884-இல் தொடங்கிய கம்பளி, பருத்தி, பட்டு ஆலை, பின்னி ஆலை என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுக் காலம் நகரத்தின் அடையாளமாக இருந்தது. ஆலை நின்ற பின்னிப்பேட்டை நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். பானிப்பட்டில் பழந்துணியிலிருந்து தயாராகும் மலிவுப் போர்வைகளும் செயற்கை இழைப் போர்வைகளும் கறுப்புக் கம்பளியின் இடத்தைப் பிடித்துவிட்டன. மெல்லிய ரோமமோ ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியாகிறது. சள்ளகெரெயைச் சுற்றிய அம்ருத மஹால் காவல் புல்வெளியில் சுமார் 10,000 ஏக்கர், பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி, அறிவியல் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. மேய்ச்சலும் சுருங்கியது.

விளைவு, மேய்ப்பர்களின் கணக்கு தலைகீழானது. முன்பு ரோமம் விற்ற காசில் கத்தரிக்கும் கூலி போக மிச்சம் நிற்கும். இப்போது பல இடங்களில் கூலியைக் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டு, வெட்டிய ரோமத்தை வயலோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கத்தரிக்காமலும் விட முடியாது. உண்ணியும் பேனும் சேரும், மழையில் நனைந்து கனக்கும். ஆகவே சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற மனநிலை. விரிப்பாக வர வேண்டிய ரோமம் துண்டு துண்டாக வந்தால் யாருக்கு நஷ்டம்? குப்பைக்குப் போவது எப்படி வந்தால் என்ன? ரோமத்துக்கு மதிப்பு இருந்தவரை, அதைச் சேதமில்லாமல் எடுக்கும் கவனம் ஆட்டின் தோலையும் சேர்த்துக் காப்பாற்றியது. மதிப்பு போனதும் கவனத்துக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

இன்னொரு பக்கம், மேய்ப்பர்கள் ரோமமில்லாத, எடை அதிகம் வைக்கும் இறைச்சி இனங்களுக்கு மாறுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் பெங்களூருவுக்கே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அப்பா வெறுங்கையால் கற்றது மகன் கைக்கு இறங்கவில்லை. புத்தகத்திலிருந்து இதை மீட்க முடியாது. ஒரு கை இன்னொரு கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை போல ஆகாமல் இருக்க வேண்டுமானால், ஆட்டின் மேல் அக்கறை காட்டுபவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். கற்பவருக்கு, அவர் மெதுவாகச் செய்யும் காலத்தில் நாள் கூலி. கத்தரிப்பவருக்குத் தலைக்கணக்கோடு, காயமில்லாத ஆட்டுக்குக் கூடுதல் காசு. முரட்டு ரோமத்துக்கு ஒரு வாங்குபவர். போர்வையாகவோ, விரிப்பாகவோ, குளிரையும் சத்தத்தையும் தடுக்கும் சுவர்ப் பட்டையாகவோ. தக்காண ரோமத்தைப் புதிய பொருட்களாக்கச் சிலர் முயன்று வருகிறார்கள். ஆட்டுக்கு அது எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரிய பாதுகாப்பு.

மறுபடி ஈஜிபுரா

திண்டுக்கல் பக்கத்து இரவு பஸ்கள் விடியலில் மடிவாளாவில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து ஆட்டோவில் ஈஜிபுரா போய்ச் சேரும் நேரம், கடைகளில் ஆடு உரிக்கும் நேரம்.

இறைச்சிக் கடைக்காரர் தோல் உரிப்பதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். கத்தியால் ஒரு கீறல் போடுவதோடு சரி. பிறகு கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே செலுத்தி, விரல் முட்டிகளால் தள்ளித் தள்ளித் தோலைப் பிரிக்கிறார். வெட்டு விழாத தோல் முழுசாக இறங்குகிறது. இங்கேயும் வெறுங்கைதான் வேலை செய்கிறது. காரணம் கேட்டால் ரகசியம் ஒன்றும் இல்லை: கீறல் விழுந்த தோலைத் தோல் வியாபாரி குறைந்த விலைக்குத்தான் எடுப்பார்.

செத்த ஆட்டின் தோலுக்கு ஈஜிபுராவில் இந்தக் கவனம் கிடைக்கிறது. இருநூறு கிலோ மீட்டர் வடக்கே, உயிரோடு இருக்கும் ஆட்டின் தோலுக்கும் அதே கவனம் கிடைக்க, கத்தரி பிடிக்கக் கற்கும் ஒரு இளைஞனுக்கு யாராவது அவசரப்படாமல் கூலி கொடுக்க வேண்டும்.